தனிய இருக்கிற அம்மாவுக்கு ராடாரா, கமராவா, பொத்தானா?

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இப்போது அடிக்கடி வருகிற கேள்வி இது: “சுவருக்குள்ளாலை ஆளைப் பார்க்கிற ராடார் வந்திட்டுதாம். வீட்டுக்கு நடுவிலை ஒன்றைப் பூட்டிவிட்டால், அம்மா எந்த அறையிலை விழுந்தாலும் எங்களுக்குத் தெரியுமோ?” கேட்பவர்களின் அம்மா யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலிலோ சுன்னாகத்திலோ நாலைந்து அறை உள்ள வீட்டில் தனிய இருக்கிறார். கமரா பூட்டலாம் என்று சொன்னால் ஒரே பிடியாக மறுக்கிறார்.

ராடார் என்பது வானலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து ஆளை அறியும் கருவி. சுவரைத் தாண்டிப் பார்க்கும் ராடார் இருப்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. சுவரைத் தாண்டாத, ஒரு அறையோடு நின்றுவிடும் ராடார்தான் உங்கள் வேலைக்கு உதவும். அதிலும் முதலாவதைப் பூட்ட வேண்டிய இடம் குளியலறை. அங்கே அதனிடம் கேட்க வேண்டியதும் “விழுந்துவிட்டாரா?” என்று அல்ல, “உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லையா?” என்றுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

முதலில் சுவரைத் தாண்டும் ராடார் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 2015 ஏப்ரலில் நேபாளத்தை நிலநடுக்கம் உலுக்கியபோது, நாசாவின் ஆய்வுகூடமும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமும் உருவாக்கிய ‘ஃபைண்டர்’ என்ற கருவியைச் சவுதாரா என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இடிபாடுகளுக்கு அடியில் இருந்த நாலு பேரின் இதயத் துடிப்பை அது பிடித்தது, நாலு பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று வேறொரு கதையை வெளியிட்டது. ‘ரேஞ்ச்-ஆர்’ என்ற கைக்கருவியைச் சுவரில் அழுத்திப் பிடித்தால், 50 அடிக்கு மேற்பட்ட தூரத்தில் ஆள் இருக்கிறாரா என்பதை மூச்சு விடும் அசைவை வைத்தே சொல்லிவிடும். குறைந்தது 50 அமெரிக்கச் சட்ட அமலாக்க அமைப்புகளிடம் அது இருந்தது. விலை அப்போது ஏறத்தாழ 6,000 டொலர்.

இந்த இரண்டு கருவிகளும் படம் காட்டுவதில்லை. ஆள் இருக்கிறார், அசைகிறார், இத்தனை அடி தூரத்தில் என்பதோடு சரி. பக்கத்து அறையில் யாரோ நடமாடுவது காதில் விழுவது மாதிரி. நிற்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதோடு, இவை எல்லோருக்கும் விற்கிற பொருளும் அல்ல. சுவர் தாண்டும் ராடாரை யார் பயன்படுத்தலாம் என்பதை 2002லேயே அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணைக்குழு பொலிஸ், தீயணைப்பு, மீட்புப் பணி என்று வரையறுத்துவிட்டது. இங்கே இலங்கையில் வானலை அனுப்பும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். வெளியில் நின்றபடி வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது எங்கள் ஊரில் யாருக்கும் இனிமையான நினைவும் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படம் வரைகிற ஆய்வும் நடந்திருக்கிறது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டீனா கட்டாபியின் குழு 2013இல் வைஃபை அலைகளைக் கொண்டு சுவருக்கு அப்பால் ஆள் நடப்பதைக் கண்டுபிடித்தது. 2018இல் அதே குழு, சுவருக்குப் பின்னால் நிற்பவரின் கைகால்களைக் குச்சி உருவமாக வரைந்து காட்டியது. வயோதிபர் விழுவதைக் கண்டறியும் அவர்களின் கருவி 2015இல் வெள்ளை மாளிகையில் ஒபாமாவுக்கு முன்னால் காட்டப்பட்டது. கனடாவில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இந்தக் காணொளிகளைத்தான். ஆனால் அந்தக் காணொளிகளில் வரும் சுவர் பெரும்பாலும் சட்டத்தில் பலகை அடித்த உள்சுவர். எங்கள் வீட்டுச் சுவர் வேறு சாதி.

பழைய நாற்சார் வீடு என்றால் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், அகலமான சுவர். புதிய வீடு என்றால் சீமெந்துக் கல், இரண்டு பக்கமும் பூச்சு, இடையில் கம்பி போட்ட கொங்கிறீற் தூண். ஒரு சுவரை அலை தாண்டலாம். நடுக் கூடத்திலிருந்து பின்பக்கக் குளியலறைக்குப் போக மூன்று சுவர் தாண்ட வேண்டும், போய்த் திரும்பியும் வரவேண்டும், அப்போ ஆறு. அதற்கு மேல் ஈரம். தண்ணீரைப் போல ராடார் அலையை விழுங்கும் பொருள் வீட்டில் வேறில்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை மழை குடித்து நிற்கும் சுண்ணாம்புக் கல் சுவரும், சித்திரையில் காய்ந்து நிற்கும் அதே சுவரும் ராடாருக்கு இரண்டு வேறு சுவர்கள். வைகாசியில் பூட்டிச் சரிபார்த்த கருவி கார்த்திகையில் ஊமையாகிவிடலாம். வழியில் இரும்பு அலுமாரி ஒன்று நின்றால் மழைக்காலம் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம், உலோகத்தை எந்த ராடாரும் தாண்டாது.

இதற்குள் ஒரு அடிப்படைக் கணக்கும் இருக்கிறது. நீண்ட அலை சுவரைத் தாண்டும், ஆனால் அது பயன்படுத்தும் அலைப்பட்டை, அதாவது அதிர்வெண்களின் வீச்சு, பெரும்பாலும் குறுகலாக இருப்பதால் நுணுக்கம் கிடைக்காது. அலை எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதைக் கிகாஹேர்ட்ஸில் சொல்வார்கள், எண் கூடக் கூட அலை நீளம் குறையும். வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை 12.5 சென்ரிமீற்றர் நீளம். 60 கிகாஹேர்ட்ஸ் அலை 5 மில்லிமீற்றர். இந்த 60இல் அகலமான அலைப்பட்டை கிடைப்பதால் சில சென்ரிமீற்றர் வித்தியாசத்தைக்கூடப் பிரித்துச் சொல்லும். தலை எந்த உயரத்தில் இருந்து எந்த உயரத்துக்கு எவ்வளவு வேகமாக இறங்கியது என்று பார்க்க அது போதும். ஆனால் சீமெந்துக் கல் சுவரில் அது அப்படியே நின்றுவிடும். இடையில் 24 கிகாஹேர்ட்ஸ் இருக்கிறது. இலவசமாகப் பயன்படுத்தக் கிடைக்கும் பட்டையின் அகலம் 250 மெகாஹேர்ட்ஸ் மட்டும். அதனால் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றருக்குக் கிட்ட உள்ள இரண்டு பொருட்களைத் தூரத்தால் பிரிக்க முடியாது. விழுவதை அறிய அது போதாது, ஆனால் அறையில் உயிருள்ள ஒருவர் இருக்கிறாரா என்பதற்குத் தாராளமாகப் போதும். மூச்சு விடும்போது நெஞ்சு அசைகிற சில மில்லிமீற்றரையே அது பிடித்துவிடும். நுளம்பு வலைக்குள் படுத்திருந்தாலும் பிடிக்கும்.

ஆகவே முழு வீட்டுக்கும் ஒரு ராடார் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். இனி மற்றவற்றைப் பார்ப்போம்.

கமரா மலிவு, பூட்ட ஆள் இருக்கிறது, படம் தெளிவு. விறாந்தைக்கும் படலைக்கும் நான் அதையே சொல்வேன். உள்ளே வந்தால் கதை வேறு. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு மாமி, மகன் அனுப்பிய கமராவைப் பெட்டியோடு சாமியறைத் தட்டில் வைத்திருக்கிறார். “குளிச்சிட்டு வந்து சீலை மாத்திற இடத்திலை உது என்னத்துக்கு, தம்பி?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. விழுந்தால் ஆபத்து அதிகமான இடம் எதுவோ அங்கேயே கமரா வைக்க முடியாது. மிச்சம் எல்லா இடத்திலும் வைத்துவிட்டு அதை மட்டும் விட்டால் என்ன பயன்? தவிர, கமராவை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே பின்னேரம் 2 மணி என்றால் ரொறன்ரோவில் கோடை காலத்திலே விடிய 4.30. மகன் நித்திரை.

பொத்தானும் கைக்கடிகாரமும் அடுத்தது. அப்பிள் கைக்கடிகாரத்தில் 2018 முதல் விழுவதைக் கண்டறியும் வசதி இருக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும், குளிக்கப் போகும்போது எங்கள் அம்மாமார் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். கழுத்தில் மாட்டும் பொத்தானில் அந்தச் சார்ஜ் தொல்லை இல்லை. அதன் சிக்கல் அழுத்த வேண்டும் என்பதுதான். 90 வயது தாண்டியவர்களைப் பற்றிய கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று 2008இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. தனிய விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தவர்களில் பெரும்பாலானோர், கையில் அழைப்புக் கருவி இருந்தும் அதைப் பாவிக்கவில்லை. மற்றவருக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்ற எண்ணம் எந்த நாட்டு அம்மாவுக்கும் பொதுவானது போல.

ஆனாலும் பொத்தானை நான் தள்ளிவிடமாட்டேன். கடையில் கிடைக்கும் வயர் இல்லாத கோலிங் பெல் ஒன்றை வாங்கி, மணியைப் பக்கத்து வீட்டில் வைத்து, பொத்தானை அம்மாவின் கட்டிலோடு கட்டிவிடலாம். அவற்றில் பல 433 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்பவை, அலை நீளம் ஏறத்தாழ 69 சென்ரிமீற்றர். சுவரைத் தாண்டும் அலை உங்களுக்கு உண்மையாகவே உதவும் இடம் இதுதான். வைஃபையும் வேண்டாம், கிளவுட்டும் வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் மதிலைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைஃபையை வைத்தே அசைவை அறியும் முறையும் இப்போது பேசப்படுகிறது. அதற்கான பொதுத் தரம் 2025இல்தான் வெளிவந்தது. ரவுட்டருக்கும் வீட்டில் உள்ள மற்ற வைஃபை பொருட்களுக்கும் இடையே ஓடும் அலை, ஆள் குறுக்கே போகும்போது குழம்புவதை வைத்து வேலை செய்கிறது. காலையில் குசினிப் பக்கம் அசைவு இருந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இது சரி. விழுந்ததைச் சொல்லாது. பூனை குறுக்கே போனாலும் அசைவு அசைவுதான்.

இனி அறை ராடார். சந்தையில் இரண்டு வகை. 24 கிகாஹேர்ட்ஸ் ‘ஆள் இருக்கிறாரா’ வகை, வெறும் பலகையாக வாங்கினால் சில டொலர்தான், ஆனால் பொருத்தத் தெரிந்த பெடியன் ஒருவர் வேண்டும். 60 கிகாஹேர்ட்ஸ் ‘விழுந்தாரா’ வகை முழுக் கருவியாக வருகிறது. 2023இல் வந்த அக்காரா எஃப்பி2 போன்றவை இந்த வகை. அதை விழுகைக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் கூரைத் தட்டில், கீழே பார்த்தபடி பூட்ட வேண்டும். ஓட்டு வீட்டில் சீலிங் அடிக்காத அறையில் அதற்கு இடமே இல்லை என்பதை வாங்கும் முன் யோசியுங்கள்.

கூடத்தில் கூரையின் நடுவே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார்: ஃபான். பங்குனி சித்திரையில் அது நிற்கவே நிற்காது. ராடாருக்கு அசைவது எல்லாம் ஒன்றுதான், ஃபான் இதழைக் கண்டு ஆள் இருக்கிறார் என்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். ஃபானிலிருந்து தள்ளிப் பூட்டி, செயலியில் அந்த இடத்தை விலக்கச் சொல்லிக் குறிக்க வேண்டும். காற்றில் ஆடும் சன்னல் சீலையும் இதே தொல்லை. 24 கிகாஹேர்ட்ஸ் என்றால் இன்னொன்று: பிளைவூட் தட்டி, பிளாஸ்டிக் கதவு போன்ற மெல்லிய மறைப்பைத் தாண்டி அடுத்த பக்கம் நடப்பவரையும் பிடித்துவிடும். சுவர் தாண்டும் திறமையை விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வார்கள், வீட்டில் பூட்டினால் அதுவே பொய்ச் செய்தி.

ஃபானை விடப் பெரிய சிக்கல் பாய். மத்தியானச் சோறு முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்து, சில நாள் பாய்கூட இல்லாமல் குளிர்ந்த சீமெந்துத் தரையில், ஒரு கண் தூங்குவது எங்கள் வயோதிபரின் வழக்கம். சாமியறையில் விழுந்து கும்பிட்டு நிலத்தில் இருப்பதும் உண்டு. ‘தரையில் கிடக்கிறார் என்றால் விழுந்துவிட்டார்’ என்று பழக்கப்பட்ட கருவிக்கு இது விளங்காது. முதல் கிழமை பத்துத் தடவை அலாரம் அடிக்கும், இரண்டாம் கிழமை லண்டனில் இருப்பவர் அறிவித்தலை நிறுத்திவிடுவார். உண்மையாக விழும் நாளில் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். கதிரையிலிருந்து மெல்லச் சரிந்து இறங்கும் விழுகையோ மறுபக்கம், அதில் வேகம் இல்லாததால் கருவி கவனிக்காமலே விடும்.

அதனால்தான் குளியலறை என்கிறேன். அங்கே யாரும் பாய் விரிப்பதில்லை, ஃபானும் இல்லை, சுவர் நாலும் கல்லு. 24 கிகாஹேர்ட்ஸ் கருவி ஒன்றை மேல் மூலையில் பூட்டி, ‘ஆள் உள்ளே இருந்து 40 நிமிடம் தாண்டினால் சொல்’ என்று வைத்தால் போதும். விழுந்தாரா, மயங்கினாரா, கதவு இறுகிவிட்டதா என்ற ஆராய்ச்சி அதற்குத் தேவையில்லை. எத்தனை நிமிடம் என்பதை அம்மாவின் வழக்கத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள், தலை முழுகும் வெள்ளிக்கிழமையையும் கணக்கில் எடுங்கள். 40 நிமிடம் அதிகம்போலத் தெரியலாம். ஆனால் தரையில் மணிக்கணக்காகக் கிடப்பதுதான் பெரிய கேடு: தசை நசிந்து சிறுநீரகம் பாதிக்கும், உடலில் நீர் வற்றும், தோல் புண்ணாகும். அதைத் தடுத்தாலே பாதி வென்றாயிற்று. கருவிக்கு 5 வோல்ற் மட்டும் போகட்டும், 230 வோல்ற் அடப்ரரை ஈரம் படாமல் வெளியே வையுங்கள். கதிர்வீச்சு பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். இது அனுப்பும் சக்தி, காதில் வைக்கும் போனை விட மிகக் குறைவு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு இடத்தை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பல வீடுகளில் குளிப்பது குளியலறையில் அல்ல, கிணற்றடியில். மலசலகூடமும் பழைய வளவுகளில் வீட்டை விட்டுத் தள்ளித்தான். பாசி பிடித்த சீமெந்துத் தளம், ஈரம், விடியப் புறம் இருட்டு. அங்கே மரக் கிளையும் நாயும் காகமும் அசைந்துகொண்டே இருக்கும், ராடார் குழம்பிவிடும். அந்த வீட்டுக்கு ராடார் வாங்கும் காசை மேசனிடம் கொடுத்து, வீட்டோடு ஒட்டிய ஒரு குளியலறை, சறுக்காத தளம், பிடித்து எழும்பக் குழாய்ப் பிடி, இரவில் எரியும் ஒரு லைற் ஆகியவற்றைச் செய்விப்பதே மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கரண்ட் பற்றியும் பேச வேண்டும். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுக்க இருண்டது. இந்த ராடார்களில் பெரும்பாலானவற்றில் பற்றறி இல்லை. கருவிக்கு ஒரு பவர்பாங்க், ரவுட்டருக்கு 12 வோல்ற் சிறிய யூபிஎஸ், இரண்டும் சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்கள். ‘கருவி தொடர்பில் இல்லை’ என்ற அறிவித்தல் வரும்படி வையுங்கள். செய்தி வராததை நல்ல செய்தியாக எடுத்துவிடக்கூடாது.

அலாரம் யாருக்குப் போகவேண்டும்? முதலில் ஊரில் இருப்பவருக்கு. 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையிலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, ஆனால் அந்தக் குறுகிய இலக்கத்தைக் கனடாவில் இருந்து அழுத்தினால் இங்கே வராது. அழைக்க இங்கே ஒருவர் வேண்டும். அவரிடம் வீட்டுத் திறப்பு இருக்க வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் போடும் பழக்கத்தை அம்மா விட வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஆள் விழுந்தால், திறப்பு இருந்தும் திறக்க முடியாது. இதைக் கனபேர் யோசிப்பதில்லை.

சரி, எதை வாங்குவது? குளியலறை உள்ளே உள்ள கல் வீடு, அம்மா நடமாடுகிறார் என்றால்: குளியலறையில் ஒரு 24 கிகாஹேர்ட்ஸ் ராடார், கட்டிலடியில் கோலிங் பெல் பொத்தான், படலைக்கு மட்டும் கமரா. ஏற்கெனவே ஒரு தடவை விழுந்து இடுப்பு உடைந்தவர், சீலிங் அடித்த படுக்கையறை என்றால், கட்டிலுக்கும் கதவுக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்க்க ஒரு 60 கிகாஹேர்ட்ஸ் கருவியைச் சேர்க்கலாம், கூடத்தில் வேண்டவே வேண்டாம். கிணற்றடி வீடு என்றால் முன்பு சொன்னதுபோல் மேசன் முதலில். மறதி நோய் உள்ளவர் என்றால் இந்தக் கருவிகள் எதுவும் போதாது, இரவில் கூட இருக்க ஒரு ஆளைப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் பூட்டிய அன்றே சோதியுங்கள். பேரனையோ பூட்ட வந்த பெடியனையோ குளியலறையில் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், வாளியில் தண்ணீர் விழும்போதும் ஒருமுறை, மெயின் சுவிட்சை நிறுத்தியும் ஒருமுறை. அலாரம் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் திறப்போடு வந்து கதவைத் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.